பத்ரோஸ் மாமன் வலையில் ஏறமாட்டார்

எமில்டா தீயணைப்புத் துறையின் தன்னார்வலர் படையில் சேர்ந்த நாளிலிருந்து அவருடைய மகள் ரினிக்குக் கையோ காலோ ஒடியாத வாரமே இல்லை.

எல்லாம் பயிற்சிக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எதைக் கற்றுக்கொண்டு வந்தாலும் எமில்டா அதை வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிடுவார். அப்பா மெல்பின் பெரும்பாலும் கடலில் இருப்பார். மிச்சம் இருப்பது ரினி மட்டும். அவளைப் பெஞ்சில் படுக்க வைத்து, காலில் பலகை வைத்துக் கட்டுவார். தலையைச் சுற்றித் துணி சுற்றுவார். கூச்சமாக இருக்கிறது என்று ரினி நெளிந்தால், "மயங்கிக் கெடக்கிய ஆளு சிரிக்கப்பிடாது மக்கா" என்பார்.

ஒருநாள் அந்தக் கோலத்தில் அவளைப் படம் எடுத்துத் தன்னார்வலர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது எப்படியோ ரினி படிக்கும் தனுவச்சபுரம் பள்ளிக்கூடம் வரை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு வகுப்பில் அவளை யாரும் ரினி என்று கூப்பிடவில்லை. 'பிளாஸ்திரி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசிரியை கூட ஒருமுறை வாய் தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார்.

இத்தனை பயிற்சி எடுத்தும் எமில்டாவுக்கு உண்மையான ஆபத்து ஒன்று இதுவரை வாய்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அது அவர் வீட்டுக் கிணற்றிலேயே வந்து விழுந்தது.

விழுந்தது ரோசம்மா. ரினியின் ஆடு. குட்டியாக இருந்தபோது அதற்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் ரினிதான். கிணற்றுக்கு மேலே தாழ்ந்து தொங்கும் பலாக்கிளைமேல் ரோசம்மாவுக்கு நெடுநாளாக ஒரு கண். அன்று கிணற்றுச் சுவர்மேல் ஏறி, பின்காலில் நின்று, எட்டி ஓர் இலையைக் கடித்தது. இலை வாயில் வந்தது. காலுக்கு அடியில் இருந்த கல் கைவிட்டது.

தொப்பென்று சத்தம் கேட்டு முதலில் ஓடிவந்தவர் பக்கத்து வீட்டு பத்ரோஸ். நாற்பது வருடமாகக் கடலில் மீன் பிடிப்பவர். உள்ளே எட்டிப் பார்த்தார். ஆடு தண்ணீரில் தத்தளித்தது. யாரும் எதுவும் சொல்லும் முன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

கிணற்றுச் சுவரில் கால் வைத்து இறங்கக் குழிகள் செதுக்கியிருந்தன. மழைக்காலமாதலால் அவற்றில் பாசி பிடித்திருந்தது. மேலே இருந்த குழிகளில் பத்ரோஸ் கால் வைத்து இறங்கினார். கீழே இருந்த குழிகளில் கால் வைக்கவில்லை, வழுக்கியே போய்ச் சேர்ந்தார். நல்லவேளையாக ஓரத்தில் ஒரு பாறைத் திட்டு இருந்தது. அதில் நின்றால் இடுப்பளவு தண்ணீர்தான். ஆட்டை எட்டிப் பிடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு மேலே ஏறப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி ஏறப் பார்த்தார். மறுபடி வழுக்கியது.

"எமில்டா" என்று உள்ளே இருந்து குரல் வந்தது. "ஆடு சொகமா இருக்கு. நான்தான் கொஞ்சம் மாட்டிக்கிட்டேன்."

எமில்டா ஓடிவந்தார். வரும்போதே ஆரஞ்சு நிற மேலங்கியை மாட்டிக்கொண்டு வந்தார். ரினி அதற்கு முன்பே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே இருட்டில் ரோசம்மாவின் வெள்ளைக் காது தெரிந்தது. அது பத்ரோஸின் வழுக்கைக்குக் கீழே மிஞ்சியிருந்த முடியைச் சவைத்துக்கொண்டிருந்தது.

அதற்குள் கிணற்றடியில் கூட்டம் கூடிவிட்டது. பத்ரோஸின் மீன்பிடி வள்ளத்தில் வேலை செய்யும் சஜி, தானும் இறங்கப்போவதாகச் சட்டையைக் கழற்றினான். எமில்டா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஒருத்தர் உள்ள கெடக்கியது ஒரு பிரச்சன. நீயும் எறங்கினா அது ரெண்டு பிரச்சன. சட்டையப் போடு."

எமில்டா அங்கன்வாடி டீச்சர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் தம் பிள்ளைகளை விட்டவர்கள். மீதிப் பேர் அவரிடமே பாட்டுப் படித்தவர்கள். சஜி சட்டையைப் போட்டுக்கொண்டான்.

எமில்டா முற்றத்தில் நின்று தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்தார். அதே நேரத்தில் சஜியும் கிணற்றடியில் நின்று நூற்றியொன்றை அழுத்தினான். இருவருக்கும் உடனே வருகிறோம் என்று பதில் கிடைத்தது. இருவரும் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இங்கேதான் ஒரு சின்னச் சிக்கல். குளத்தூரில் அவர்கள் வீட்டு முற்றம் கேரளத்தில் இருக்கிறது. கிணற்றடி தமிழ்நாட்டில் இருக்கிறது. ரினி தண்ணீர் இறைக்கப் போகும்போதெல்லாம் கையில் இருக்கும் போன், தமிழ்நாட்டுக்கு வந்ததற்காக அவளைக் குறுஞ்செய்தியில் வரவேற்கும். குடத்தோடு திரும்பினால் கேரளம் வரவேற்கும். எமில்டாவின் அழைப்பு கேரளத்துக்குப் போனது. சஜியின் அழைப்பு தமிழ்நாட்டுக்குப் போனது.

கொஞ்ச நேரத்தில் மேற்கே ஒரு தீயணைப்பு வண்டியின் மணி அடித்தது. கூட்டம் மேற்கே திரும்பியது. உடனே கிழக்கேயும் ஒரு மணி அடித்தது. கூட்டம் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நடுவில் நின்றது.

மேற்கிலிருந்து வந்தது சிறிய வண்டி. பெரிய தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகளுக்கென்றே செய்தது. பின்னால் குட்டித் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கயிறுகள், மேலே சுருட்டி வைத்த வலை. கிழக்கிலிருந்து வந்தது பெரிய மீட்பு வண்டி. அதன் இரண்டு பக்கமும் அலமாரி போலக் கதவுகள். உள்ளே இரும்பு வெட்டும் கருவி, காற்று ஊதும் கருவி, விளக்குகள், கிணற்றின்மேல் நிறுத்தும் மூன்றுகால் சட்டம், ஆளை மாட்டித் தூக்கும் பட்டைகள். இரண்டு வண்டிகளும் சந்தின் நடுவில் மூக்கோடு மூக்கு உரசாத குறையாக வந்து நின்றன.

சிறிய வண்டியிலிருந்து கேரளத் தீயணைப்பு அதிகாரி ஷைஜு இறங்கினார். கூடவே நந்தனா என்ற இளம் தீயணைப்பு வீராங்கனையும் இறங்கினார். பெரிய வண்டியிலிருந்து தமிழ்நாட்டு அதிகாரி விஜயதாஸ் இறங்கினார். ஒருவரை ஒருவர் பார்த்ததும் அதிகாரிகள் இருவருமே ஆச்சரியப்பட்டார்கள். பிறகு கை குலுக்கிக்கொண்டார்கள்.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அதைவிட மோசமான ஒன்று. இருவருமே மரியாதைக்காரர்கள். கிணறு உங்கள் எல்லையில் இருக்கிறது, நீங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்றார் ஷைஜு. ஆள் உங்கள் ஊர்க்காரர், நீங்கள் இருக்கும்போது நான் எப்படி என்றார் விஜயதாஸ். அப்படியானால் எல்லைக்கல் எங்கே என்று பார்த்துவிடலாம் என்று தேடினார்கள். சஜி அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

"சாறே" என்று கிணற்றுக்குள்ளிருந்து பத்ரோஸ் கூப்பிட்டார். "பேசி முடிக்க நேரமாவும்னா ஒரு சாயா எறக்கி விடுங்க. ஆட்டுக்கு வேண்டாம். அது என் முடியத் திண்ணுட்டுதான் இருக்கு."

கூட்டம் சிரித்தது. ஷைஜுவும் சிரித்துவிட்டு வேலையைத் தொடங்கினார். கிணற்றில் ஆள் விழுந்தால் இங்கே வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். வலையைக் கயிற்றில் கட்டி இறக்குவார்கள். விழுந்தவர் அதில் உட்கார்ந்துகொள்வார். மேலே இருந்து இழுத்துக்கொள்வார்கள். அப்படியே வலையை இறக்கினார்கள்.

பத்ரோஸ் வலையைப் பார்த்தார். தொடவில்லை.

"மொதல்ல ஆட்ட எடுங்க."

அது முடியாது என்று ஷைஜு பொறுமையாகச் சொன்னார். ஆள் முதலில், அப்புறம்தான் ஆடு. அதுதான் சட்டம். நந்தனா இறங்கி ஆட்டைப் பிடித்துக்கொள்வார், நீங்கள் ஏறுங்கள் என்றார். பத்ரோஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆடு பயந்துவிடும் என்றார். அப்புறம் தனக்குக் குளிரவே இல்லை என்றார். அதற்கும் அப்புறம் வலையைத் தூக்கிப் பார்த்து, கண்ணி பெரிதாக இருக்கிறது, முடிச்சும் சரியில்லை, இதில் போட்டால் பாதி மீன் வெளியே போய்விடும் என்றார்.

"இது மீன் பிடிக்கதுக்கு இல்ல அண்ணே" என்றார் எமில்டா.

"ஆள் பிடிக்கதுக்குன்னா இன்னும் நல்லா முடியணும்லா?"

விஜயதாஸ் பேசிப் பார்த்தார். எமில்டா அதட்டிப் பார்த்தார். பத்ரோஸ் அசையவில்லை. ஆனால் அவர் பல் தந்தியடிப்பது மேலே கேட்டது. ரோசம்மாவும் முடி தின்பதை நிறுத்திவிட்டது. அதன் தலை மெதுவாக அவர் கழுத்தில் சாய்ந்தது.

இன்னும் கொஞ்ச நேரம் போனால் மாமனின் கை மரத்துப்போகும். ஆடு நழுவிவிடும். அதைப் பிடிக்கப் போய் மாமனும் நழுவிவிடுவார். ஏன் இப்படி அடம்பிடிக்கிறார் என்று அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒன்று கண்ணில் பட்டது. பத்ரோஸ் வலையைப் பார்க்கவில்லை. ஷைஜுவையும் பார்க்கவில்லை. அவர் கண் அடிக்கடி கிணற்றின் மறுபக்கச் சுவருக்குப் போய் வந்தது. அங்கே சஜி கையை நீட்டி போனைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் இன்னொரு போன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. சுவரைச் சுற்றி ஒரே போன்கள்தான்.

சஜி பக்கத்தில் நின்றவனிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "வலையில வாறத மட்டும் எடுத்துட்டா போரும். 'இன்னைக்கு சிக்கின பெரிய சொறா'ன்னு போட்டு கடப்புறம் முழுக்க அனுப்பணும்."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் கிணற்றுக்கு வாய் பெரிது, காது அதைவிடப் பெரிது. கீழே பத்ரோஸ் தலையைத் திருப்பிக்கொண்டார்.

ரினிக்குப் புரிந்துவிட்டது. பெஞ்சில் தலைக்கட்டோடு கிடந்த அந்தப் படம் ஞாபகம் வந்தது. பிளாஸ்திரி என்று ஒரு வகுப்பு கூப்பிட்டதே அவ்வளவு வலித்தது. வாழ்நாள் முழுக்க வலை வீசிய மனிதரை ஒரு கடற்கரையே சுறா என்று கூப்பிட்டால்?

சஜியிடம் போனை உள்ளே வை என்று சொல்லலாம். வைக்கமாட்டான். வைத்தாலும் மறுபடி எடுப்பான். ரினி பெரிய வண்டியின் பக்கம் ஓடினாள். திறந்து கிடந்த கதவுக்குள் தொங்கிய பட்டைகளைக் காட்டி விஜயதாஸிடம் கேட்டாள்.

"சார், இது ஆளுக்கு உள்ளதுதானே?"

ஆளுக்குத்தான் என்றார் விஜயதாஸ். இடுப்பிலும் தொடையிலும் மாட்டி, மூன்றுகால் சட்டத்தில் கயிறு கோத்துத் தூக்குவது. நின்றபடியே மேலே வரலாம்.

"அப்பம் மாமனுக்கு இத மாட்டுங்க. வலை ரோசம்மாக்கு. ரெண்டு பேரையும் ஒரே நேரத்தில இழுங்க. ஆளு ரெண்டாவதா வரப்பிடாதுன்னுதானே சட்டம்? கூட வரப்பிடாதுன்னு இல்லல்லா?"

விஜயதாஸ் ஷைஜுவைப் பார்த்தார். ஷைஜு விஜயதாஸைப் பார்த்தார். அப்படி ஒன்றும் இல்லை என்று இருவரும் தலையசைத்தார்கள். ஆனால் ஷைஜு ஒரு தடை சொன்னார். இரண்டு கயிற்றை ஒரே சமயத்தில் இழுக்க ஆள் போதாது.

"ஆளு உண்டு" என்றாள் ரினி. அம்மாவின் காதில் போய் ஏதோ சொன்னாள்.

எமில்டா கூட்டத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மேலங்கியை இழுத்துவிட்டுக்கொண்டார். அங்கன்வாடியில் நாற்பது பிள்ளைகளை ஒரே மூச்சில் அடக்கும் அந்தக் குரல் வெளியே வந்தது.

"எல்லாரும் கையில உள்ளத பையில போடுங்க. ரெண்டு கையும் நீட்டுங்க. வரிசையா வாங்க. சஜி, நீதான் மொதல்ல."

எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. போன்கள் எல்லாம் பைக்குள் போயின. எழுபது வயதுக்காரர் ஒருவர் நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்களோ என்று கையைத் திருப்பியும் காட்டினார்.

மூன்றுகால் சட்டம் கிணற்றின்மேல் ஏறியது. கயிறுகள் கப்பியில் ஓடின. இழுக்கிறவர்கள் கிணற்றுக்கு முதுகைக் காட்டி, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, முற்றத்தைப் பார்த்து நடக்க வேண்டும் என்றார் எமில்டா. அப்படி இழுத்தால்தான் பலம் கிடைக்கும் என்று காரணமும் சொன்னார். கயிறு நழுவாமல் பிடிக்கத் தீயணைப்பு வீரர்கள் இருவர் கப்பி அருகில் நின்றார்கள்.

ரினி சுவரில் குனிந்தாள்.

"மாமா. மாமனுக்கு பெல்ட்டு. வலை ரோசம்மாக்காக்கும்."

பத்ரோஸ் அண்ணாந்து, சஜி நின்றிருந்த சுவர்ப் பக்கம் பார்த்தார்.

"சஜி அண்ணன் கயிறு பிடிச்சிட்டு நிக்காரு. அந்தால திரும்பி நிக்காரு."

"ஒத்தக் கையிலயா?" என்று கீழிருந்து கேட்டது.

"ரெண்டு கையிலயும்."

"மத்தவனுவ?"

"எல்லாரும் ரெண்டு கையிலயும்."

பத்ரோஸ் ஆட்டைத் தோளில் சரியாகத் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"அப்பம் செரி" என்றார் பத்ரோஸ். "சட்டுனு இழுக்கச் சொல்லு மக்கா. குளிர் எலும்புக்குள்ள போயாச்சு."

நந்தனா கயிற்றில் இறங்கினார். முதலில் பத்ரோஸுக்குப் பட்டைகளை மாட்டினார். பிறகு ரோசம்மாவின் காலை மடக்கி வலைக்குள் வைத்தார். ஆட்டுக்கு வலையைப் பற்றி எந்த வருத்தமும் இருக்கவில்லை. விசில் கேட்டது. எமில்டா எண்ணினார். வரிசை நடந்தது.

சஜியும் அவனுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு நடந்தார்கள். பைக்குள் இருந்த போன்கள் ஒவ்வொன்றாக அவர்களை வரவேற்றன. எடுத்துப் பார்க்க ஒருவரிடமும் கை இல்லை. திரும்பிப் பார்க்க முயன்றவனை எமில்டா "நேரா பாரு" என்று சொல்லி நேராகப் பார்க்க வைத்தார்.

முதலில் இரண்டு கொம்பு தெரிந்தது. கூடவே ஒரு வழுக்கை தெரிந்தது. ஆடும் ஆளும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உயரத்தில், லிஃப்டில் வருகிறவர்களைப் போல மேலே வந்தார்கள். பத்ரோஸ் நேராக நின்றபடி வந்தார். கீழிருந்து வரும்போதே ஈர மீசையை ஒருமுறை தடவிச் சரிசெய்துகொண்டார். அவருடைய இன்னொரு கை வலைக்குள் நுழைந்து ரோசம்மாவின் கொம்பைப் பிடித்திருந்தது.

ஷைஜு ஒன்றைத் தூக்கி வெளியே விட்டார். விஜயதாஸ் ஒருவரைத் தூக்கி வெளியே விட்டார். நந்தனா தன் கயிற்றில் பின்னாலேயே ஏறி வந்தார். ரினி ஓடிப்போய் ரோசம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அது உடம்பை உதறியது. இரண்டு அரசாங்கங்களின் சீருடைகளும் சமமாக நனைந்தன.

கயிற்றை விட்டுவிட்டுச் சஜி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து போனை எடுத்தபோது பத்ரோஸ் துண்டைப் போர்த்திக்கொண்டு, கல்மேல் உட்கார்ந்து, சாயா குடித்துக்கொண்டிருந்தார். பார்ப்பதற்கு எப்போதும்போலத்தான் இருந்தார்.

"எடுலே" என்றார். "நல்லா எடு."

சாயா குடிக்கும் ஒருவரை எடுத்து என்ன செய்வது? சஜி போனைத் திரும்பப் பையில் போட்டான்.

இரண்டு வண்டிகளும் வந்த வழியே பின்னால் போக வேண்டியிருந்தது. திரும்ப இடம் இல்லை. எமில்டா நடுவில் நின்று ஒரு கையால் கேரளத்தையும் மறு கையால் தமிழ்நாட்டையும் பின்னால் போகச் சொன்னார். போகும் முன் ஷைஜு அவரிடம், அடுத்த பயிற்சிக்கு இந்தப் பிள்ளையையும் கூட்டி வாருங்கள் என்றார். எதற்கு என்று ரினி பயந்தாள். இனி அவள் காலில் பலகை கட்டுவதற்கு இல்லை, மற்றவர் காலில் அவள் கட்டுவதற்கு என்று அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

மறுநாள் தேவாலயத்தில் பூசை முடிந்து ரினி கடப்புறம் போனபோது, வள்ளத்தின் நிழலில் பத்ரோஸ் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதில் கிணறு இன்னும் ஆழமாகியிருந்தது. பாறைத் திட்டு காணாமல் போயிருந்தது. ரோசம்மா ஒரு கிடா ஆகியிருந்தாள். ஒரு கையால் ஆட்டையும் மறு கையால் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்து வீரர்களும் இந்தப் பக்கத்து வீரர்களும் வாயைப் பிளந்து பார்க்கத் தாமே மேலே வந்ததாகச் சொன்னார்.

எல்லாரும் சஜியைப் பார்த்தார்கள். அவன்தான் அங்கே இருந்தவன். ஆனால் அவன் என்ன சொல்வான்? அவன் பார்த்ததெல்லாம் முற்றத்துச் சுவர் மட்டும்தான். படமும் இல்லை.

அப்போது யாரோ ரினியைக் கண்டுவிட்டார்கள். "பிள்ள, நீ நின்ன இல்லியா? மாமன் சொல்லியது உள்ளதா?"

பத்ரோஸ் சட்டென்று கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

ரினி யோசித்தாள். பொய் சொல்ல அவளுக்குப் பிடிக்காது.

"ஒண்ணு உள்ளதாக்கும்" என்றாள். "எறங்கினதுல இருந்து மேல வாறது வர, மாமன் ரோசம்மா மேல இருந்து கைய எடுக்கவே இல்ல."

பத்ரோஸ் மெல்லத் திரும்பினார். மீசையைத் தடவிக்கொண்டார். கூடையிலிருந்து நல்ல பெரிய சாளை மீனாகப் பொறுக்கி, ஓலையில் கட்டி, அம்மாவிடம் கொடு என்று ரினியின் கையில் வைத்தார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, இன்னும் ஆழமான கிணற்றிலிருந்து கதையை மறுபடி தொடங்கினார்.